மூணு ஓட்டைக்கு முப்பது கதை

திருவண்ணாமலையில் லே-அவுட் என்று சொன்னால் ஒரே அர்த்தம்தான். செங்கம் ரோட்டிலோ வேலூர் ரோட்டிலோ கல் நட்டு, கலர் கொடி கட்டி, "மலை தெரியும் மனைகள்" என்று பலகை வைத்திருப்பார்களே, அதுதான். பவுலிங் என்று சொன்னாலும் ஒரே அர்த்தம்தான். ஆறு பந்து, ஒரு ஓவர். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து "பவுலிங் பந்துக்கு என்ன லே-அவுட் போடலாம்?" என்று ஒருவன் தேரடியில் நின்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சலா என்று.

ஆனால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர். படிக்கவோ வேலைக்கோ அங்கே போகிற பையன்கள் ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு மாலுக்குப் போகிறார்கள். வாடகை ஷூ மாட்டி, அங்கே கிடக்கிற பந்தை எடுத்து உருட்டுகிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது அன்றோடு முடிந்துவிடும். பத்தாவது ஆளைப் பைத்தியம் பிடித்துக்கொள்ளும். அவன் மறுவாரம் தனியாக வருவான், அதற்கடுத்த வாரமும் வருவான். ஒருநாள் சொந்தப் பந்து வாங்க வேண்டும் என்று முடிவெடுப்பான். சேர்த்து வைத்த காசு, அண்ணனிடம் வாங்கிய கைமாற்று, எல்லாம் போட்டு ஒரு பந்து வாங்குவான். அடுத்த நிமிடமே அவன் கேட்கிற முதல் கேள்வி: "என்ன லே-அவுட் போடலாம்?"

அது தப்பான கேள்வி. தப்பான நேரத்தில், தப்பான ஆளிடம், தப்பான வரிசையில் கேட்கப்படுகிற கேள்வி. அவனை அப்படிக் கேட்க வைத்தவர்கள்தான் இந்தக் கட்டுரையின் எதிர்க்கட்சி. எந்தப் பந்து விமர்சனத்தைப் பார்த்தாலும், எந்த வீடியோவைத் திறந்தாலும், ஓட்டை எங்கே போடுவது என்பதில்தான் மொத்த ரகசியமும் இருப்பதுபோல ஒரு பேச்சு. "இந்த லே-அவுட் போட்டால் பந்து அப்படி வளையும், அந்த லே-அவுட் போட்டால் இப்படி உடைக்கும்." மூணு ஓட்டைக்கு முப்பது கதை. கேட்கிறவன் பாவம், வைத்திருப்பதோ ஒரே ஒரு பந்து.

முதலில் விஷயம் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டென்பின் பவுலிங் லேன் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளம். அகலம் 41½ அங்குலம், 39 மரப்பட்டைகளாகக் கணக்கு. கடைசியில் முக்கோணமாகப் பத்துப் பின்கள். பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. லேன் மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பொதுவாக நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு, கடைசிப் பகுதியில் எண்ணெயே கிடையாது. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு வளையும். வலக்கைக்காரர் என்றால் முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே உள்ள சந்தில், கிட்டத்தட்ட 6 டிகிரி கோணத்தில் நுழைந்தால் ஸ்ட்ரைக் விழ நல்ல வாய்ப்பு. நேராக உருட்டினால் அந்தக் கோணம் கிடைக்காது. அதனால்தான் வளைக்க இத்தனை பாடு.

கடையில் வாங்கும் நல்ல பந்து ஓட்டையே இல்லாமல் உருண்டையாக வரும். உள்ளே கோர் என்று ஒரு கனமான கட்டி. பல்பு மாதிரி, முட்டை மாதிரி, பெயர் சொல்ல முடியாத கோணல் மாதிரி என்று விதவிதமான வடிவம். அந்தக் கட்டியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட, பந்தின் மேல் ஒரு சின்ன வண்ணப் புள்ளி இருக்கும். அதன் பெயரும் பின்தான். அடித்து விழுத்துகிற பின்னோடு குழம்பாமல் இருக்க இதைப் பின்-குறி என்று சொல்லலாம். இந்தப் பின்-குறி, விரல் ஓட்டைகளுக்கும் வீசுகிறவரின் சுழல் அச்சுக்கும் எத்தனை தூரத்தில், என்ன கோணத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் லே-அவுட்.

சுழல் அச்சு என்றால்? பம்பரம் விட்டவர்களுக்குப் புரியும். பம்பரத்துக்கு ஆணி எப்படியோ, கையை விட்டுக் கிளம்பும் பந்துக்கு ஓர் அச்சு அப்படி. அந்த அச்சு பந்தின் பரப்பைத் தொடும் புள்ளிக்குப் பெயர் பி.ஏ.பி. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் மணிக்கட்டை எப்படி வைத்திருக்கிறார், கட்டைவிரலை எப்போது விடுவிக்கிறார், கையைச் சுற்றுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். கையெழுத்து மாதிரி. உள்ளே இருக்கும் கட்டி அந்த அச்சோடு ஒத்துப்போகாத இடத்தில் இருந்தால், ஆணி ஒழுங்காக அடிக்காத பம்பரம் தலையாட்டுவதுபோல் பந்தின் அச்சு மெல்ல நகரும். நகர்வதால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய, எண்ணெய் படாத தோல் லேனைத் தொடும். இதைத்தான் ஃபிளேர் என்கிறார்கள். புதிய தோல் என்றால் கூடுதல் பிடிப்பு, கூடுதல் பிடிப்பு என்றால் கூடுதல் வளைவு.

இன்று அதிகம் புழங்குவது மோ பினெல் பரப்பிய இரட்டைக் கோண முறை. 2021-இல் மறைந்த அமெரிக்கப் பந்து வடிவமைப்பாளர் அவர். மூன்று எண்கள். முதல் எண் டிரில்லிங் கோணம்: பின்-குறியிலிருந்து பி.ஏ.பி.க்குப் போகும் கோட்டுக்கும், கோரின் பக்கவாட்டுக் கனத்தைக் காட்டும் குறிக்குப் போகும் கோட்டுக்கும் இடைப்பட்டது. நடு எண் பின்-குறிக்கும் பி.ஏ.பி.க்கும் உள்ள தூரம், அங்குலத்தில். கடைசி எண், பி.ஏ.பி. வழியே போகும் செங்குத்துக் கோட்டோடு உண்டாகும் கோணம். உதாரணமாக 50, 4½, 35. முதல் கோணம் சின்னதென்றால் பந்து சீக்கிரம் வளையத் தொடங்கும், பெரிதென்றால் தாமதமாக. கடைசிக் கோணம் சின்னதென்றால் திரும்பும்போது வெடுக்கென்று திரும்பும், பெரிதென்றால் நிதானமாக. நடுத் தூரம் 3⅜ அங்குலத்துக்கு அருகில் இருந்தால் ஃபிளேர் உச்சம். பூஜ்யத்துக்கோ 6¾ அங்குலத்துக்கோ போகப் போகக் குறைந்துவிடும். ஏன் 6¾? பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம். அதில் கால்பங்கு அது. ஏன் 3⅜? அதில் பாதி.

அழகான கணக்கு. யாரும் மறுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நடக்கும் ஜோசியம்தான் பிரச்சினை.

அளக்காத அச்சுக்கு அளந்த ஓட்டை

மேலே சொன்ன மூன்று எண்களும் எதிலிருந்து அளக்கப்படுகின்றன? பி.ஏ.பி.யிலிருந்து. அந்தப் புள்ளி எங்கே என்று தெரியாமல் "4½ அங்குலம் போடுங்க" என்று சொல்வது, கதவு எண் தெரியாமல் "அங்கிருந்து நாலாவது வீடு" என்று சொல்வதைப் போன்றது. எங்கிருந்து நாலாவது?

இருந்தும் நடப்பது என்ன? புதிதாக வாங்குகிறவரிடம் "உங்க பி.ஏ.பி. என்ன?" என்று கேட்டால் முழிப்பார். உடனே "வலக்கைதானே, பக்கவாட்டில் 5 அங்குலம், மேலே அரை அங்குலம் வச்சுக்கலாம்" என்று சராசரி ஆளின் அளவை வைத்து வேலை முடியும். சராசரிக்குப் பொருந்துகிறவர் பிழைத்தார். ஒரு அங்குலம் தள்ளி இருப்பவருக்கு? அவர் கேட்ட லே-அவுட் ஒன்று, அவர் பந்தில் இருக்கும் லே-அவுட் வேறொன்று. அப்புறம் "இந்தப் பந்து சரியில்லை" என்று பந்தின் மேல் பழி.

இத்தனைக்கும் பி.ஏ.பி. கண்டுபிடிக்க ராக்கெட் வேண்டாம். நாலைந்து முறை வழக்கம்போல் வீசச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த பந்தின் மேல் படிந்த எண்ணெய் வளையங்களில் முதல் வளையத்தை மெழுகுப் பென்சிலால் வரைய வேண்டும். அந்த வளையத்திலிருந்து எல்லாப் பக்கமும் சம தூரத்தில் இருக்கும் புள்ளியைக் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை டேப் ஒட்டி மறுபடி வீசச் சொன்னால், கையை விட்ட கணத்தில் டேப் ஆடாமல் நின்றால் புள்ளி சரி, வட்டமடித்தால் தப்பு. கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பாகையில் கோணம் பேசுவது எந்த ஊர் துல்லியம்?

இதைவிடக் கொடுமை, சாம்பியன்களைக் காப்பி அடிப்பது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி 15 மேஜர் பட்டம் வென்றவர். அதனால் அவர் லே-அவுட் வேண்டுமாம். அவர் இரண்டு கையால் வீசுகிறவர், கட்டைவிரலை உள்ளே விடுவதே இல்லை. அவர் பந்து சுழலும் வேகம் வேறு, அச்சு வேறு, கையை விட்டு வரும் கோணம் வேறு. அந்த எண்களைக் கட்டைவிரல் நுழைத்து ஒரு கையால் மெதுவாக வீசுகிறவர் பந்தில் போடுவது, சினிமா நடிகரின் சட்டை அளவைக் கொடுத்துத் தனக்குத் தைக்கச் சொல்வதுதான். தையல்காரர் தைத்துக் கொடுத்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. போட்டுக்கொள்வது யார்?

தோல் முதலில், குடல் பிறகு

அமெரிக்காவின் பவுலிங் சங்கமான யு.எஸ்.பி.சி. 2000களின் பிற்பாதியில் பந்து இயக்கத்தைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. இயந்திரம் வைத்து விதவிதமான பந்துகளை வீசி, எது எவ்வளவு பாதிக்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள். மேலே வந்தது எது தெரியுமா? பந்தின் மேற்பரப்பின் சொரசொரப்பும் உராய்வும். கோரின் குணங்கள் அதற்கு அடுத்துத்தான். ஓட்டை போட்டதால் ஒரு பக்கம் சில கிராம் கூடியது குறைந்தது என்கிற கணக்கு கடைசி வரிசையில்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பந்து லேனில் இருக்கும் நேரம் சுமார் இரண்டேகால் நொடி. நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும் பந்து அதற்குள் பதினோரு சுற்றுதான் சுற்றும். அந்தப் பதினோரு சுற்றும் லேனைத் தொட்டுக்கொண்டிருப்பது தோல். உள்ளே இருக்கும் கட்டி எதைச் செய்ய நினைத்தாலும் அந்தத் தோல் வழியாகத்தான் செய்ய வேண்டும். அப்பேர்ப்பட்ட தோலை மாற்ற என்ன செலவு? ஒரு உரசும் பட்டை. 500, 1000, 2000, 4000 என்று நுணுக்க எண்களில் கிடைக்கும். 4000-இல் வழவழவென்று இருக்கும் பந்தை 1000-இல் தேய்த்துப் பார்த்தால் அது வேறு பந்து. சீக்கிரமே பிடிக்கும். பிடிக்கவில்லையா, மறுபடி 4000-இல் தேய்த்துவிடலாம். போட்டி தொடங்கிய பிறகு தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

இங்கேதான் வித்தியாசம். தேய்த்ததை மாற்றலாம். ஓட்டையை? அடைத்துவிட்டு மறுபடி போடலாம்தான். ஆனால் அதற்குத் தனிக் காசு, தனி நாள், தனி பஸ் டிக்கெட். மாற்றக்கூடியதை முதலில் முயல வேண்டும், மாற்ற முடியாததைக் கடைசியில் தொட வேண்டும். இது பவுலிங் சாஸ்திரம்கூட இல்லை, சாதாரண குடும்பப் புத்தி. சுவரில் ஆணி அடிக்கும் முன் காலண்டரைக் கையில் பிடித்துப் பார்க்காத வீடு உண்டா?

கனத்தின் பேரில் ஒரு கட்டுக்கதை

இன்னொரு கதை இருக்கிறது, அது லேசில் சாகாது. பந்தில் சி.ஜி. என்று ஒரு குறி இருக்கும், கனத்தின் மையம் எந்தப் பக்கம் என்று காட்ட. "சி.ஜி.யை வலப்பக்கம் ஒரு அங்குலம் தள்ளிப் போட்டால் வளைவு கூடும்" என்பது கதை. கட்டி இல்லாமல் வெறும் அப்பள வட்டம் மாதிரி எடை வைத்த பழைய பந்துகளின் காலத்து நம்பிக்கை அது. அன்று விளையாட வேறு ஒன்றும் இல்லாததால் அதையே பெரிதாகப் பேசினார்கள். சமச்சீரான கோர் உள்ள இன்றைய பந்தில் பின்-குறியின் இடத்தை மாற்றாமல் சி.ஜி.யை மட்டும் அங்கே இங்கே நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வருவதில்லை.

நம்பாதவர்களுக்கு விதிப் புத்தகமே சாட்சி. முன்பு விரல் பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு அவுன்சுக்கு மேல் கன வித்தியாசம் இருக்கக் கூடாது என்று யு.எஸ்.பி.சி. வைத்திருந்தது. 2020-இல் அதை 3 அவுன்சாக உயர்த்தியது. அந்த ஒரு அவுன்ஸ் ஆட்டத்தையே புரட்டிப் போடும் சக்தி கொண்டதென்றால், விதி எழுதுகிறவர்கள் அதை மூன்று மடங்கு தளர்த்தியிருப்பார்களா? ஏழு கிலோ உருண்டையில் 85 கிராம். தாராளமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விரலைப் பற்றி யார் பேசுவது?

இத்தனை கோணப் பேச்சிலும் அடிபடாமல் போவது ஒன்று உண்டு. கை. அந்த ஓட்டைகள் எதற்கு? கோரை எட்டிப் பார்க்கவா? விரல் நுழைக்க.

கட்டைவிரல் ஓட்டைக்கும் மற்ற இரண்டு ஓட்டைகளுக்கும் உள்ள தூரத்துக்கு ஸ்பேன் என்று பெயர். ஓட்டை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து இறங்குகிறது என்பது பிட்ச். ஸ்பேன் கால் அங்குலம் நீண்டால் உள்ளங்கை இழுபடும். பிட்ச் தப்பினால் கட்டைவிரல் வெளியே வராமல் மாட்டும், அல்லது முன்னாலேயே நழுவும். நழுவாமல் இருக்க வீசுகிறவர் இறுக்கிப் பிடிப்பார். வாரத்துக்கு இருநூறு தடவை ஏழு கிலோவை இறுக்கிப் பிடித்து வீசினால் என்ன ஆகும்? தோல் உரியும், கட்டைவிரல் வீங்கும், மணிக்கட்டு வலிக்கும். வலிக்கிற கை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விடுவிக்கும். விடுவிப்பு மாறினால் அச்சு மாறும். அச்சு மாறினால் பாகைக் கணக்கில் போட்ட லே-அவுட் குப்பைக்குப் போகும்.

அதாவது, கைக்குப் பொருந்தாத பந்தில் எந்த லே-அவுட்டும் லே-அவுட்டே இல்லை. மாலில் கிடக்கும் பொதுப் பந்தில் விரலின் இரண்டாம் கணு வரை நுழைத்துத் தூக்கிப் பழகியவர், நுனி விரல் பிடிக்கு மாறும்போது கையே புதிதாகக் கற்க வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். அந்தச் சில வாரத்தில் அவர் வீச்சு மாறும், பி.ஏ.பி.யும் மாறும். இதைத் தெரிந்த டிரில்லர் முதல் பந்தில் விசேஷ லே-அவுட் எதுவும் போட மாட்டார். தெரிந்தும் போடுகிறவரைப் பற்றி என்ன சொல்ல?

"அப்படியென்றால் சாம்பியன்கள் முட்டாள்களா?"

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். பெரிய போட்டிக்குப் போகிறவர்கள் ஆறு, எட்டு பந்து கொண்டு போகிறார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு லே-அவுட். லே-அவுட் சும்மா என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

நல்ல கேள்வி. பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவர்களிடம் எட்டுப் பந்து. அவர்களுக்குத் தங்கள் பி.ஏ.பி. தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒரே இடத்தில் நூறு முறை வீசச் சொன்னால் நூறு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வீசுவார்கள். ஆட்டம் நடக்க நடக்க எண்ணெய் நகரும், அதற்கேற்ப அவர்கள் பந்து மாற்றுவார்கள். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியை நிரப்பத்தான் அவர்களுக்கு லே-அவுட். ஒரே பந்து வைத்திருப்பவருக்கு நிரப்ப இடைவெளியே இல்லை.

வரலாற்றையும் பார்க்கலாம். ஏர்ல் ஆந்தனி 1975-இல் ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலர் பரிசுப் பணம் சம்பாதித்த முதல் பவுலர். ரியாக்டிவ் ரெசின் பந்து கடைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். இன்றைய கோணக் கணக்கு எதுவும் இல்லாத காலத்தில் வென்றார் அவர். எப்படி? வைத்த இடத்தில் வைத்ததால். வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் 47 பட்டம் வென்றவர், இயற்பியல் பட்டதாரி. கோணமும் சுழற்சியும் அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் பெரிய வளைவின் பின்னால் ஓடாமல், ஓரளவு நேராக வீசி, ஸ்பேரைத் தவறவிடாமல் எடுத்துத்தான் அத்தனையும் சேர்த்தார். நம்ம ஊர்ப் பக்கமும் ஷபீர் தன்கோட் மாதிரி தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாட்டு ஆட்கள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அவர்கள் ஆடும்போது பார்க்க வேண்டியது பின்-குறி எங்கே இருக்கிறது என்பதையா, கால் எங்கே நிற்கிறது என்பதையா?

எதிர்க்கட்சியிடம் இன்னொரு பலமான வாதமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஓட்டை போட்ட பிறகு பந்து சரியாக வளையவில்லை என்றால், விரல் நுழைக்காத நாலாவது ஓட்டை ஒன்று போட்டுச் சரிசெய்யலாம். 2020 ஆகஸ்ட் 1 முதல் யு.எஸ்.பி.சி. அதைத் தடை செய்துவிட்டது. பிடிப்பதற்குப் பயன்படாத ஓட்டை எதுவும் பந்தில் இருக்கக் கூடாது. ஆகவே முதல் தடவையே சரியாகப் போட்டாக வேண்டும், லே-அவுட்டின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது என்கிறார்கள்.

உண்மைதான். அது இந்தக் கட்டுரையின் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. திருத்தம் போட வழியில்லாத ஒரு வேலையை, ஆளின் அச்சை அளக்காமல், கையைப் பார்க்காமல், வீடியோவில் கேட்ட எண்ணை வைத்துச் செய்வது முன்பைவிடப் பெரிய குற்றமாகிறது, சின்னதாக அல்ல.

லே-அவுட்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோணல் கோர் உள்ள பந்தில் தப்பான கோணம் நன்றாகவே உறைக்கும். வேகம் குறைவாக, சுழற்சி அதிகமாக வீசுகிற பையனுக்கு, எண்ணெய் காய்ந்துபோன லேனில், ஃபிளேரைக் குறைத்துப் போடும் லே-அவுட் பெரிய உதவி. இரண்டு கைக்காரர்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பெரிய தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். கட்டை சின்னது, வேலை பெரிது. ஆனால் கட்டை போடுகிறவர் வீட்டிலிருந்தே "இத்தனை டிகிரி" என்று எழுதிக்கொண்டு வருவதில்லை. தேர் வரும் வேகத்தைப் பார்க்கிறார், தெருவின் சரிவைப் பார்க்கிறார், அப்புறம் போடுகிறார். பந்தில் ஓட்டை போடுகிறவரிடமும் அவ்வளவுதான் கேட்பது. முதலில் தேரைப் பாருங்கள் ஐயா.

யாருக்கு நஷ்டம்?

ஒரு பந்து வெளிநாட்டிலேயே 150 முதல் 250 டாலர் வரை விற்கிறது. ஏழு கிலோ சாமான், அதற்குக் கப்பல் கூலியோ விமானக் கூலியோ, சுங்கவரி எல்லாம் சேர்ந்துதான் இங்கே கைக்கு வருகிறது. அதற்கு மேல் ஓட்டை போடும் கூலி, விரலுக்கு ரப்பர் குழாய், கட்டைவிரலுக்குத் தனிக் குழாய். இவ்வளவும் போட்ட பிறகு பந்து கைக்கு ஒட்டவில்லை என்றால், பணக்கார வீட்டுப் பையன் இன்னொன்று வாங்கிக்கொள்வான். அவனுக்கு அது அனுபவம். இந்தப் பக்கத்திலிருந்து போன பையனுக்கு அது முடிவு. பந்து கட்டிலுக்கு அடியில் போகும். வீட்டில் "அந்தக் குண்டு எதுக்குடா?" என்று வருஷம் பூரா கேட்பார்கள். அவனும் தனக்கு இந்த ஆட்டம் வராது என்று நம்பிவிடுவான். அவனுக்கு வராமல் போனது ஆட்டம் அல்ல, அளவு.

எட்டுப் பந்து வைத்திருக்கிறவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரையை ஒரு பந்து வைத்திருக்கிறவன் மேல் சுமத்துவதில் இருக்கும் அநியாயம் இதுதான். தப்பின் விலை இரண்டு பேருக்கும் ஒன்றல்ல.

வரிசை இதுதான்

முதல் பந்து வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை சின்னது.

ஒன்று, எந்த லேனில், எவ்வளவு எண்ணெயில் ஆடப் போகிறார்? பெரும்பாலும் ஒரே இடம், ஒரே வழக்கமான எண்ணெய்ப் பூச்சு. அதற்கு அதிரடிப் பந்தே தேவையில்லை, நடுத்தரப் பந்து போதும்.

இரண்டு, எடை. ஆம்பிளை என்றால் 16 பவுண்டு என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்று ஆட்டம் முடிந்த பிறகும் தோள் தாங்குகிற எடைதான் சரியான எடை.

மூன்று, கை அளவு. ஸ்பேன், பிட்ச், விரல் பருமன். இதற்கு அவசரப்படுகிற கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடலாம்.

நான்கு, பி.ஏ.பி. வீசச் சொல்லி, வரைந்து, டேப் ஒட்டி, சரிபார்த்த எண்.

ஐந்து, இப்போதுதான் லே-அவுட். முதல் பந்துக்கு விசேஷம் எதுவும் வேண்டாம். பின்-குறிக்கும் பி.ஏ.பி.க்கும் நாலிலிருந்து ஐந்து அங்குலம், கோணங்கள் இரண்டும் நடுத்தரம். சீக்கிரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், கண்ணுக்குப் புரிகிற மாதிரி வளையும் பந்து. அதை வைத்துக் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டாவது பந்து எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பந்தே சொல்லும்.

ஆறு, தேய்க்கும் பட்டை இரண்டு மூன்று, எண்ணெய் துடைக்க ஒரு துண்டு. லே-அவுட்டைப் பற்றி வீண் சண்டை போடும் நேரத்தில் பந்தைத் துடைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

ஏழாவதாக ஒன்று இருக்கிறது, அது கேள்வி அல்ல, உரிமை. ஸ்பேன், பிட்ச், பி.ஏ.பி., லே-அவுட் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டை போடுகிறவரின் நோட்டில் மட்டும் அது இருந்தால், அவர் ஊர் மாறினாலோ கடை மூடினாலோ எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் இல்லாமல் பணம் கொடுப்பாரா? தன் கையின் அளவு தன்னிடம் இருக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்கிறவர் அளக்கவில்லை என்றே அர்த்தம்.

மறுபடி செங்கம் ரோட்டுக்கு வரலாம். அங்கே மனை பார்க்கப் போகும் பெரியவர்கள் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்பது, "கிணத்துல தண்ணி எத்தனை அடியில?" என்றுதான். அப்புறம் பட்டா, அப்புறம் வழி. கலர் கலராகப் போட்ட லே-அவுட் படத்தைக் கடைசியில்தான் விரிப்பார்கள், எந்த மூலை என்று விரல் வைக்க. பந்து வாங்கப் போகிற பேரன் அந்தத் தாத்தாவைக் கூட அழைத்துப் போனால் நல்லது. அவருக்குப் பவுலிங் தெரியாது. ஆனால் எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரியும்.